புறப்படும் நேரம்

"ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறினால், பொழுது விடியும்போது திருச்சி! அப்புறமென்ன அண்ணே, பத்து மணிக்குள் அவரவர் ஊர்!"

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் காதில் விழத் தொடங்கிவிடும் பேச்சு இது. பெரம்பலூர்க்காரர் ஒருவர், புதுக்கோட்டைக்காரர் இருவர், மேலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் – ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, ஒரு வேன் பேசி முடித்தாகிவிட்டது. ரயில் டிக்கெட்டா? அதைப் பற்றிப் பேசி என்ன பயன்? முன்பதிவு 120 நாள் முன்னதாகத் திறந்த காலத்திலும் நமக்குக் கிடைத்ததில்லை. 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்த பிறகும் கிடைத்ததில்லை. காலை எட்டு மணிக்கு டிக்கெட் திறக்கும்போது நம் தோழர் எந்திரத்தின் முன் நிற்கிறார். ஆகவே வேன்.

எந்த வேன், என்ன வாடகை, யார் முன் சீட்டில், யார் பின் சீட்டில் – இவ்வளவையும் அலசுவார்கள். புறப்படும் நேரத்தை மட்டும் யாரும் அலசுவதில்லை. அது ஏற்கனவே முடிவானது போல, "ராத்திரிதான்" என்று சொல்லிவிடுவார்கள். நாமும் அப்படிச் சொன்னவர்கள்தாம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2024ஆம் ஆண்டு பொங்கல் ஜனவரி 15, திங்கட்கிழமை. சனியும் ஞாயிறும் முன்னால் ஒட்டிக்கொண்டன. அப்படியானால் வெள்ளி இரவு, 12ஆம் தேதி, புறப்பாடு. சென்னையில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்து மக்கள் அத்தனை பேருக்கும் அதே நாட்காட்டி, அதே வெள்ளி, அதே இரவு! ஏழரை மணிக்கு அம்பத்தூரை விட்டோம். வண்டலூர் வெளிவட்டச் சாலை நம்மை ஏமாற்றவில்லை. விறுவிறுவென்று கொண்டுபோய் விட்டது. அங்கே, வண்டலூரில், பெருந்தெற்குச் சாலையில் இறங்கினோமே – அங்கேதான் தொடங்கியது.

(ஜி.எஸ்.டி. சாலை என்றால் வரி விஷயம் என்று நம் இளந்தோழர்கள் நினைத்துவிடக்கூடாது. அந்த வரி 2017இல் வந்தது. சாலைக்கு அந்தப் பெயர் அதற்கு எவ்வளவோ முன்பே உண்டு. இரண்டும் நம் பையிலிருந்து எடுக்கின்றன என்பது வேறு சங்கதி.)

ஒன்பது மணிக்கு வண்டலூர். பத்தேகாலுக்குக் கூடுவாஞ்சேரி. பிறகு மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில். பரனூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டியபோது நள்ளிரவு. இருபது கிலோமீட்டர்ச் சொச்சத்துக்கு மூன்று மணி நேரம்! மிதிவண்டியில் போயிருந்தால் பாதி நேரத்தில் போயிருக்கலாம். குழந்தைகள் அழுதன. பெண்கள் இறங்க இடமில்லாமல் தவித்தார்கள். ஆண்கள் சாலையோரத்தில் ஒதுங்கிவிடலாம், பெண்கள் என்ன செய்வார்கள்? கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் திண்டிவனத்தில் அவிழ்ப்பதாகத் திட்டம்; கூடுவாஞ்சேரியிலேயே முடிந்தது.

திண்டிவனம் இரண்டு மணிக்கு. அதன்பின் சாலை திறந்துகொண்டது. ஓட்டுநர் தம்பி, இழந்த நேரத்தைப் பிடித்துவிடுவதாகச் சொல்லி மிதித்தார். விழுப்புரம் புறவழி போனதே தெரியவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டோம். உளுந்தூர்ப்பேட்டையை நெருங்கும் நேரம், மூன்றே முக்கால் மணி இருக்கும் – "ஐயோ, தம்பி!" என்று முன் சீட்டு ஆத்தாள் போட்ட கூச்சலில் விழித்தோம். வண்டி நடுத்தடுப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. தம்பியின் கண்கள் மூடியிருந்தன. கூச்சல் கேட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ஆடி, நிமிர்ந்து, நின்றது. பதினான்கு உயிர்கள், அதில் ஐந்து குழந்தைகள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. சாலையோரத்தில் இறங்கி நின்றோம். யாரும் பேசவில்லை.

அப்புறம்தான் தம்பியைக் கேட்டோம்: "எப்பப்பா எழுந்தே?"

"காலையிலே நாலரைக்கு அண்ணே. ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏத்தணுமில்லே."

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி விடியற்காலை நாலரை முதல் சனி விடியற்காலை மூன்றே முக்கால் வரை – இருபத்து மூன்றேகால் மணி நேரம் கண் விழித்த மனிதரிடம் நம் பிள்ளைகுட்டிகளை ஒப்படைத்துவிட்டு, நாம் குறட்டை விட்டோம்! காலையில் ஒரு நிறுவனத்தின் தொழிலாளரை ஏற்றி இறக்கி, மாலையில் மறுபடி ஏற்றி இறக்கி, அதன்பின் நம்மை ஏற்ற வந்திருக்கிறார். பண்டிகை வாடகை இரட்டிப்பு. விட முடியுமா அவரால்? வீட்டில் அவருக்கும் பொங்கல். குற்றம் அவருடையதா? வாடகையைப் பத்து முறை பேரம் பேசிய நாம், "கடைசியாகத் தூங்கியது எப்போது?" என்று ஒரு முறை கேட்டோமா? கேட்கவில்லை. தொழிலாளி என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிற நமக்கு, இன்னொரு தொழிலாளியின் வேலை நேரம் கண்ணில் படவில்லை. இந்த இடத்தில் நம்மை நாமே குட்டிக்கொள்வதுதான் நியாயம்.

உறக்கமின்மை என்பது மனத்திடத்தால் வென்றுவிடக்கூடிய சோம்பல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். "நான் ரெண்டு ராத்திரி விழிப்பேன்" என்பது ஆண்மைக்கு அடையாளம்! ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கை, கண், கவனம் ஆகியவை, இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது கலந்தவனின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் சோதித்துக் கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மதுவுக்கான வரம்பு 0.03. ஆகவே, காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆலையில் ஷிப்டு முடித்து, சாமான் கட்டி, இரவு பத்து மணிக்குச் சொந்தக் காரையோ இரு சக்கர வண்டியையோ கிளப்பும் தோழர், ஒரு சொட்டும் குடிக்காமலே குடித்தவரின் நிலையில் சாலைக்கு வருகிறார். அவரை ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது. தூக்கத்தைப் பிடிக்கும் கருவி போலீசாரிடம் கிடையாது.

இன்னொன்று. மனித உடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அது உடலைக் கீழே இழுக்கிறது; பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையே ஒரு சின்ன இழுப்பு. பகலெல்லாம் நன்றாகத் தூங்கியவரையும் அந்த விடியற்காலை இழுப்பு தொட்டுவிட்டுத்தான் போகும். தூங்காதவரை விழுங்கிவிடும். "ராத்திரி கிளம்பினால் விடியும்போது திருச்சி" என்ற நம் புகழ்பெற்ற திட்டம் எதைச் செய்கிறது தெரியுமா? நெரிசலில் நாலு மணி நேரம் சக்கையாகப் பிழிந்துவிட்டு, சரியாக அந்த மூன்று மணிக்கு, திறந்த சாலையில், இழந்த நேரத்தைப் பிடிக்கும் ஆத்திரத்தோடு ஓட்டுநரைக் கொண்டுபோய் விடுகிறது. இதைவிடக் கெட்ட நேரத்தை யோசித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பிடிக்கும் நேரந்தான் எவ்வளவு? 300 கிலோமீட்டரை மணிக்கு 80 வேகத்தில் போனால் மூன்றே முக்கால் மணி. 100 வேகத்தில் போனால் மூன்று மணி. மிச்சம் முக்கால் மணி. முக்கால் மணிக்காகவா?

நாடு முழுவதும் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு – 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். எதில் முதலிடம் பிடித்திருக்கிறோம் பார்த்தீர்களா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது, இடையில் அரை மணி ஓய்வு என்றது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் ஒன்பது மணி நேர ஓய்வு என்றது. பண்டிகைக் காலத்தையும் அது மறக்கவில்லை: நீண்ட தூரத் தடங்களிலும் பண்டிகைகளிலும் அதிகாரியின் ஒப்புதலோடு கூடுதலாக ஓட்டலாம், ஆனால் எக்காரணம் கொண்டும் நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது என்று கையைக் கட்டியது. நல்ல சட்டம். ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். நம் தம்பியின் முதலாளிக்கு இருப்பது ஒரே வேன். ஆகவே சட்டம் அவர் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டமும் தொகுப்புக்குள் கரைந்தது. ஒற்றை வண்டி ஓட்டுநருக்கு அன்றும் காவலில்லை. அவருக்குக் காவல், வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்கும் கேள்விதான்.

சரி, நெரிசலுக்கு வருவோம். "பத்து மணிக்கு மேலே போனால் கூட்டம் வடிந்திருக்கும்" என்பது இன்னொரு வேதவாக்கு. அது ஏன் பலிப்பதில்லை?

ஒரு குடம் நிறையத் தண்ணீர் எடுங்கள். மெல்லச் சாய்த்தால் தண்ணீர் ஒழுங்காக, வேகமாகக் கொட்டும். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால்? குடக், குடக், குடக் என்று திக்கித் திக்கி வடியும். கழுத்து அதே கழுத்து, தண்ணீர் அதே தண்ணீர். ஒரேயடியாக வந்ததால் கழுத்தே அடைபட்டுப் போகிறது. சாலையும் அப்படித்தான். ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 கார்கள் போகலாம். அதற்கு மேல் வந்து நெருக்கினால், இருக்கிற 2,000 கூடப் போகாது. நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து, சாலையின் சக்தியே குறைந்துவிடும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்தவை. இரண்டு தடமுள்ள ஓரிடம். மணிக்கு 4,000 வண்டி போகலாம். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மணிக்கு 5,000 வண்டி வருகிறது. மணிக்கு ஆயிரம் தேங்கும். பத்து மணிக்கு வரிசையில் 4,000. பத்துக்குப் பிறகு வரத்து 3,000 ஆகக் குறைகிறது. மணிக்கு ஆயிரம் வடியும். இரவு இரண்டு மணிக்கு வரிசை தீர்ந்துவிடும். இது சாலை முழுச் சக்தியோடு இருந்தால். கவிழ்த்த குடம் போல் அது 3,600 ஆகக் குறைந்துவிட்டதென்று வையுங்கள் – பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது? என்ன ஆகிறது பாருங்கள். மணிக்கு 1,400 தேங்கி, பத்து மணிக்கு 5,600. வடிவது மணிக்கு 600. தீர எவ்வளவு நேரம்? ஒன்பது மணி நேரத்துக்கு மேல்! பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, வடியும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டுவிட்டது. காலை ஏழு மணிக்கு மேல்தான் சாலை தெளியும்.

இந்தக் கணக்கில் மிகவும் அடிபடுகிறவர் யார்? மாலை ஆறு மணிக்கு வந்தவர் அல்ல. அவர் முன் வரிசையில் போய்விட்டார். "கூட்டம் வடியட்டும்" என்று காத்திருந்து சரியாகப் பத்து மணிக்கு வந்தாரே, அந்தப் புத்திசாலி! அவர் ஒன்றரை மணி நேரம் நிற்பார். விடியற்காலை ஐந்து மணிக்கு வருபவர் இருபத்து மூன்று நிமிடத்தில் போய்விடுவார். உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்; நள்ளிரவுக்குப் பிறகு வரத்து இன்னும் சுருங்கும் அல்லவா?

பெருந்தெற்குச் சாலையில் இப்படிக் கழுத்து நெரிபடும் இடங்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை. தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் நகரம் முழுவதும் வந்து விழுகிறது. வண்டலூரில் வெளிவட்டச் சாலை வந்து சேர்கிறது. அதை அடுத்துக் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பேருந்து முனையம் திறந்தபின், தெற்கே போகும் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து நகருக்குள் ஊர்ந்து வருவது நின்றது. அது நன்மைதான். ஆனால் பண்டிகை இரவில் அந்த முனையத்துக்கு ஆள் கொண்டுவரும் ஆட்டோவும் காரும் அதே சாலையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அப்புறம் சிங்கப்பெருமாள்கோயில்; ஒரகடம் சாலை அங்கே வந்து சேர்கிறது. பரனூரில் சுங்கம். செங்கல்பட்டைத் தாண்டினால் பாலாற்றுப் பாலம். அதற்குத் தெற்கே சாலை நாலு தடமாகச் சுருங்குகிறது. பிறகு ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி என்று சுங்கச்சாவடிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

சுங்கச்சாவடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் நெடுஞ்சாலை ஆணையம் ஒரு வழிமுறை சொன்னது: ஒரு வண்டிக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது; வரிசை 100 மீட்டரைத் தாண்டினால், அது குறையும் வரை வண்டிகளைக் காசு வாங்காமல் விட்டுவிட வேண்டும்; அதற்காகத் தடத்துக்குத் தடம் மஞ்சள் கோடு! கேட்கவே இனிப்பாக இல்லையா? பண்டிகை இரவில் எந்தத் தோழர் அந்த மஞ்சள் கோட்டைக் கண்டார், எந்தச் சாவடி காசு வாங்காமல் விட்டது என்று நாம் விசாரித்துப் பார்த்தோம். சிரித்தார்கள். 2024இல் ஆணையமே அந்த வழிமுறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இருந்த கோடும் போயிற்று. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: கிளம்புவதற்கு முதல்நாளே பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது. இருப்பு இல்லாத ஒரு வண்டி தடத்தில் மாட்டிக்கொண்டால், பின்னால் நூறு குடும்பம் நிற்கும்.

அப்படியானால் எப்போதுதான் புறப்படுவது?

நாம் கண்டவரை, மூன்று நேரங்கள் தேறும். முதலாவது, பகல். விடுமுறைக்கு முந்தின நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடுவது. இது சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிந்தவருக்கு. மேசை வேலை பார்ப்பவருக்கு முடியும், ஷிப்டுக்காரருக்கு முடியாது. போகியன்று மாலைதான் முன்பணம் கைக்கு வரும் என்கிற இடங்களில் எந்தத் தோழர் மூன்று மணிக்குச் செங்கல்பட்டில் இருப்பார்?

இரண்டாவது, விடியற்காலை. ஷிப்டு முடித்து வீட்டுக்கு வந்து, இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்து, ஆறேழு மணி நேரம் உறங்கி, நாலு மணிக்கு வண்டி எடுப்பது. வண்டலூரை ஐந்து மணிக்குள் தாண்டிவிட்டால் திண்டிவனம் போகும்போது வெளிச்சம் வந்துவிடும். உடலின் இழுப்பு ஆறு மணி வரை இருக்கும் என்று சொன்னோமே, அதனால் முதல் இரண்டு மணி நேரம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் விழித்துப் பேசிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அச்சிறுபாக்கம் பக்கம் நிறுத்தி ஒரு காப்பி. கண் கனத்தால், காப்பியைக் குடித்துவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் சாய்ந்து தூங்கச் சொல்லுங்கள். காப்பி வேலை செய்யத் தொடங்கும்போது எழுந்துவிடலாம். பதினொரு மணிக்குத் திருச்சி. இரவு புறப்பட்டவர்களை விட மூன்று நான்கு மணி நேரம் பிந்தியிருப்பீர்கள். ஆனால் வீட்டுத் திண்ணையில் போய்ப் பிணமாக விழமாட்டீர்கள்.

மூன்றாவதைச் சொல்ல மனம் கூசுகிறது. பொங்கலன்று காலையிலேயே புறப்படுவது. சாலை வெறிச்சென்று இருக்கும். பொங்கல் பானை பொங்கும்போது நீங்கள் பெரம்பலூரில் இருப்பீர்கள். மாட்டுப் பொங்கலுக்குத்தான் வீடு. மருத்துவமனையிலும் காவலிலும் பேருந்திலும் வேலை செய்யும் எத்தனையோ பேருக்கு இதுவே கிடைக்கிற நேரம். அவர்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

மாற்றுப் பாதைகளும் உண்டு. கடலூர், சிதம்பரம், நாகைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்விடலாம். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இருப்பவர்கள் திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்துவிடலாம். காஞ்சிபுரம் பக்கமிருந்து உத்திரமேரூர், வந்தவாசி வழியாகத் திண்டிவனத்தைப் பிடிக்கலாம். இரவில் வேண்டாம், குறுகிய சாலை, கரும்பு வண்டி, விளக்கில்லாத வளைவு. பகலில் தாராளமாக.

இரு சக்கர வண்டியில் மனைவியையும் நடுவில் குழந்தையையும் வைத்து விழுப்புரம் வரை போகும் தோழர்களே, உங்களைக் கண்டிக்க நமக்கு வாய் வரவில்லை. பேருந்தில் இடமில்லை, வேனுக்குப் பணமில்லை என்பீர்கள். தெரியும். குறைந்தபட்சம் இரவில் வேண்டாம். தலைக்கவசம் குழந்தைக்கும் வேண்டும்.

இவ்வளவும் தனித்தனி வண்டிக்காரர் செய்துகொள்ளக்கூடிய தந்திரம். எல்லோரும் நாலு மணிக்கே கிளம்பினால்? நாலு மணியும் நெரிசலாகிவிடும்! இதை மறைக்க வேண்டியதில்லை. நோய் எங்கே இருக்கிறது? விடுமுறையை ஒரே நாளில், ஒரே மணியில் அவிழ்த்துவிடுவதில் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் 1936ஆம் ஆண்டு, பெரும் வேலைநிறுத்தங்களின் விளைவாக, தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் வந்தது. கடலையே பார்த்தறியாத தொழிலாளிகள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். பின்னாளில் கார்கள் பெருகின. எல்லோரும் ஆகஸ்டு முதல் வாரத்தில் கிளம்ப, 1975 ஆகஸ்டு 2 அன்று 600 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்நாட்டுச் சாலைகளில் நெரிசல் குவிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே அரசு ஒரு வேலை செய்தது. 'பிசான் ஃபுயுத்தே' – தந்திரக்கார எருமை என்று வைத்துக்கொள்ளுங்களேன் – என்ற பெயரில், எந்த நாளில் எந்தத் திசையில் சாலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாளுக்கு நாள் நிறம். கறுப்பு நாளில் கிளம்பாதே! அங்கே பள்ளி விடுமுறைகளையும் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுகிறார்கள்.

பொங்கலை மண்டலம் மண்டலமாக மாற்றி வைக்க முடியாது. தை பிறக்கும் நாள் ஒன்றுதான். ஆனால் அதன் முன்னும் பின்னும் இருக்கும் நாள்களைப் பரப்பலாம் அல்லவா? 2025இல் பொங்கல் செவ்வாய்க்கிழமை, ஜனவரி 14. தமிழ்நாடு அரசு 17ஆம் தேதி வெள்ளிக்கும் விடுமுறை அளித்ததால் 14 முதல் 19 வரை ஆறு நாள் தொடர்ந்து கிடைத்தது. அதனால் திரும்பி வருவதற்கு நாள்கள் மிஞ்சின. 17 இரவு வந்தவரும் உண்டு, 19 இரவு வந்தவரும் உண்டு. அரசு ஊழியருக்கு, ஆசிரியருக்கு இது சரி. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு? 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி அவருக்குத் தேசிய விடுமுறை நாள்கள் போக ஆண்டுக்கு ஐந்து பண்டிகை நாள்கள். ஆறு நாள் தொடர் விடுமுறை என்று நாளேட்டில் படிப்பார். 17ஆம் தேதி காலை ஷிப்டுக்கு நிற்பார். ஓர் ஆலை போகியன்று முதல் ஷிப்டையும், அடுத்த ஆலை அதற்கு முந்தின நாள் இரண்டாம் ஷிப்டையும் விட்டுக்கொடுத்து, பின்னொரு ஞாயிறு ஈடுசெய்துகொண்டால் முதலாளிக்கு ஒரு காசும் நட்டமில்லை. தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசைமேல் வைக்கலாம்.

திரும்பும் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். போகும்போது கூட்டம் இரண்டு மூன்று நாளாகப் பரவும், வரும்போது பரவாது. எல்லோருக்கும் மறுநாள் காலை வருகைப் பதிவு. 2024இல் காணும் பொங்கல் 17ஆம் தேதி, புதன். வியாழன் காலை வேலை. உளுந்தூர்ப்பேட்டைச் சம்பவத்துக்குப் பிறகு நம் வேன் கூட்டத்தில் ஒரு சபையே நடந்தது. புதன் விடியற்காலையிலேயே திருச்சியை விட்டுவிடுவோம் என்றோம்.

"காணும் பொங்கலை விட்டுட்டா? ஆத்தா என்ன நினைக்கும்?" என்று மேலூர்க்காரர் மறுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வயதான தாயாரோடு இருக்க வருடத்துக்கு அந்த நாலு நாள்தான். அவர் குடும்பம் மட்டும் புதன் இரவு பேருந்தில் வருவதென்று முடிவாயிற்று. மற்றவர்கள் செவ்வாய் மாலையே திருச்சி வந்து சேர்ந்தார்கள். ஓட்டுநர் தம்பிக்கு நம் மைத்துனர் வீட்டு மாடி அறையை ஒழித்துக் கொடுத்து, இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்தோம். காலை நாலு மணிக்கு எடுத்தார். செங்குறிச்சியில் வரிசை இல்லை. விக்கிரவாண்டியில் நாலே வண்டி. ஒன்பதரைக்கு வண்டலூர்.

மேலூர்க்காரர் வியாழன் காலை எட்டு மணிக்குத்தான் கிளாம்பாக்கத்தில் இறங்கினார். அரை நாள் சம்பளம் போயிற்று. "போகட்டும், ஆத்தாளோட ஒரு நாள் இருந்தேன்" என்றார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

அடுத்த முறை வேன் பேசப் போனபோது, வாடகைக்கு முன்னால் நாம் கேட்டது வேறு. "தம்பி, அன்றைக்குக் காலையிலே ஷிப்டு ஓட்டுறியா?" என்றோம். "ஆமாண்ணே" என்றார். அப்படியானால் ராத்திரி வேண்டாம், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு, மறுநாள் காலை நாலு மணிக்கு வா என்றோம். நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "ராத்திரிக்கு இன்னொரு வாடகை வந்திருக்குண்ணே, அதை எடுத்துக்கிட்டுமா?" என்றார்.

எடுக்கக்கூடாது என்று சொல்லி, அந்த வாடகையில் பாதியை நாமே பங்கு போட்டுக் கொடுத்தோம். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் கூடுதலாயிற்று.